மேசையைத் திருப்பச் சொன்னவர்

தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி சிணுங்கியது. ஒரே பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழு. வழக்கமாக அதில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வரும், மூட்டுவலிக்குக் கைமருந்து வரும். அன்றைக்கு ஒரு வரிதான் வந்தது. சிவபாதம் சார் விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். மீன்காரர், "அக்கா, தலை வேணுமா, வேணாமா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறார். "எப்படியோ வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு, மீனை வாங்காமலே நடந்து வந்துவிட்டேன். பாவம், அவர் பின்னாலேயே ஓடிவந்து பையைக் கையில் திணித்தார்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி. "அப்பாடா, தூக்கத்தில்தானே, வீட்டில்தானே, தவமணி அக்கா பக்கத்தில்தானே" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். ஒருவர் இறந்ததற்கு நிம்மதிப்படுகிறாளே, என்ன மனுஷி இவள் என்று நீங்களும் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் அந்த நிம்மதிக்குக் காரணம் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். போன வருடம் பக்கவாதம் வந்தபோதே அவர் போயிருந்தால், அவருடைய மனைவி தவமணி அக்கா மிச்ச வாழ்நாள் முழுவதும் ஒரே நினைப்போடு கிடந்திருப்பார். கணவர் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமலே போனார் என்ற நினைப்பு. அந்தக் கொடுமை நடக்கவில்லை. நடக்காமல் போனதற்குக் காரணம் சாரே எப்போதோ சொல்லிவைத்த ஒரு வார்த்தை.

பள்ளியில் அவர் இயற்பியல், நான் தமிழ். ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் அடுத்தடுத்து இருந்தன. எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கின் மேல். யாராவது திருத்திய தாள்களைத் தாமதமாகக் கொடுத்தால் அறையே அதிரும். சார் ஒரு வார்த்தை பேச மாட்டார். சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னத் திசைகாட்டியை எடுத்து மேசையில் வைத்து, ஊசி ஆடி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். நான் மூச்சுவிட நிறுத்தும்போது மெல்லக் கேட்பார்: "முடிச்சிட்டீங்களா, மேரி டீச்சர்? ஊசி நின்னு ரொம்ப நேரமாச்சு." அதற்குமேல் எங்கே கோபப்படுவது? சிரிப்புத்தான் வரும்.

அந்தத் திசைகாட்டி இல்லாமல் அவரை யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். காப்பிக்கடையில் தே ஓ கோசோங் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் முதல் வேலை அதை எடுத்து வைப்பதுதான். ஒலிபெருக்கிப் பக்கம் ஊசி சாய்ந்தால், "பாத்தீங்களா, உள்ள ஒரு சுருள் இருக்கு, காந்தம் இருக்கு" என்பார். தேநீரில் பாலும் சர்க்கரையும் போடாமல் எப்படித்தான் அந்தக் கறுப்புத் தண்ணீரைக் குடிப்பாரோ என்று நான் முகம் சுளிப்பேன். "நீங்க ஊசியைப் பாருங்க லா, என் கிளாஸை ஏன் பாக்குறீங்க?" என்பார்.

அவர் இங்கேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை. எங்களோடு பேசும்போது எங்கள் பேச்சுத்தான். தவமணி அக்கா கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அக்காவிடம் திரும்பிவிட்டால் சாரின் நாக்கும் யாழ்ப்பாணத்துக்குப் போய்விடும். பிடோக்கில் அவர்கள் வீட்டுக்கு ஒரு தீபாவளிக்குப் போயிருந்தேன். புதிதாகச் சாயம் பூசிய படுக்கையறையைக் காட்ட அக்கா என்னைக் கூட்டிப் போனார். காட்டிய கையோடு புகாரும் சொன்னார்.

"இஞ்ச பாரும் மேரி. வடக்க தலை வச்சுப் படுக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான். இந்த மனுசன் கேட்டால்தானே!"

சார் வாசலில் நின்றபடியே பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். "டீச்சர், இந்த ஊசி எவ்வளவு லேசு தெரியுமா? கூர்முனையில நிக்குது. ஊதினாலே ஆடும். அதனாலதான் பூமியோட காந்தம் இதைத் திருப்புது. உங்க கொண்டை ஊசியைக்கூட அதால இழுக்க முடியாது. என்னையா இழுக்கப் போகுது?" அப்புறம் அக்காவின் பக்கம் திரும்பி, "உமக்குப் பயமெண்டால் நீர் தெற்க தலை வச்சுப் படும். ரெண்டு பேரும் காலைப் பாத்துக்கொண்டு கிடப்பம்" என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டு பலகாரத் தட்டை எடுக்கப் போனார். புகார் சொன்னாரே தவிர, அக்காவும் அவர் பக்கத்தில் வடக்கே தலை வைத்துத்தான் படுத்தார். இது முக்கியம். பின்னால் இதற்கு வருகிறேன்.

இப்போது அந்தச் சமூக மன்றத்துக் கதை. அங்கே வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஓய்வு பெற்ற பிறகு சார் தமிழில் அறிவியல் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டார். வாழ்நாளெல்லாம் ஆங்கிலத்தில் பாடம் நடத்தியவர். என்னிடம் வந்து, "நான் சொல்றதைக் கேளுங்க, புரியலைன்னா திட்டுங்க" என்றார். திட்டுவதற்கு அனுமதி கேட்டு யாராவது என்னிடம் வந்தால் விடுவேனா? சிராங்கூனில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பல வாரம் ஒத்திகை நடந்தது. ஒரு பிளாஸ்டிக் குழாயில் செப்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி அவரே ஒரு சுருள் செய்திருந்தார். சுருளின் வாயருகே திசைகாட்டி. கம்பியின் இரண்டு நுனிகளையும் பேட்டரியில் வைத்தால் ஊசி சட்டென்று திரும்பும். நுனிகளை மாற்றி வைத்தால் எதிர்ப்பக்கம் திரும்பும். பேட்டரியை எடுத்துவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி வடக்கே பார்க்கும். எனக்கு அது அலுக்கவே இல்லை. நான் பாட்டுக்கு மாற்றி மாற்றி வைத்து விளையாடிக்கொண்டிருப்பேன். "டீச்சர், பேட்டரி தீந்துடும்" என்று அவர் பதறுவார்.

லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு சமூக மன்றத்தில் நிகழ்ச்சி. நான்தான் அறிவிப்பாளர். சார் சீக்கிரமே வந்து, மேசையில் பலகையை வைத்து, சுருளைத் திசை பார்த்துப் பொருத்திவிட்டு, தேநீர் குடிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து ஏற்பாட்டுக் குழுத் தலைவர் மேடைக்கு வந்தார். குத்துவிளக்கு ஏற்றுகிறவரும் பேசுகிறவரும் கிழக்குப் பார்த்து நிற்க வேண்டாமா, இதென்ன மேசை இப்படிக் கிடக்கிறது என்று அவருக்குக் கவலை. இரண்டு பேரைக் கூப்பிட்டு, பலகையோடு சேர்த்து மேசையைக் கிழக்குப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

விளக்கேற்றினார்கள். சிறப்பு விருந்தினர் முன்வரிசையில் உட்கார்ந்தார். திசைகாட்டியைப் பெரிய திரையில் காட்ட ஏற்பாடு. சார் பேசினார், அழகாகப் பேசினார், கம்பி நுனிகளைப் பேட்டரியில் வைத்தார். ஊசி அசையவில்லை. எடுத்து மறுபடி வைத்தார். ம்ஹூம். திரையில் அவ்வளவு பெரிய ஊசி, கல் மாதிரி நிற்கிறது. பின்வரிசையில் யாரோ, "பேட்டரி ஃபிளாட் லா அங்கிள்" என்றார்கள். சிரிப்பு கிளம்பியது. தலைவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

சார் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். விரலைச் சுருளின்மேல் வைத்தார். "சூடாயிருக்கு. கரண்ட் நல்லாவே ஓடுது" என்றார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், அவருக்கு விளங்கிவிட்டது. "தலைவரே, நீங்க கிழக்குப் பாத்தே நில்லுங்க. மேசை மட்டும் எனக்காகக் கொஞ்சம் திரும்பிக்கட்டும்." நாலு பேர் சேர்ந்து மேசையைத் தூக்கிக் கால்வட்டம் திருப்பினார்கள். மறுபடி நுனிகளை வைத்தார். ஊசி துள்ளிக்கொண்டு திரும்பியது. அந்தக் கைதட்டலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அப்போது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சுருள் வடக்க இழுத்துச்சு. ஊசி ஏற்கெனவே வடக்கதான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் அது ஏன் திரும்பணும்? ஊசி அசையலைன்னா கரண்ட் இல்லைன்னு முடிவு கட்டிடாதீங்க. முதல்ல மேசையைத் திருப்பிப் பாருங்க." நன்றியுரையில் நான் இதை மறுபடி சொன்னேன். சொன்னதோடு மறந்தும்போனேன்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம். செய்தி கேட்டு மருத்துவமனைக்கு ஓடினேன். பெரும்பாலும் உறக்கத்தில்தான் இருந்தார். இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. "இடப்பக்கம் பலவீனம்" என்று அங்கே சொன்னார்கள். கையையும் காலையும்தான் சொல்கிறார்கள் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? உயிர் தங்கிவிட்டதே என்ற சந்தோஷத்தில் யாருக்கும் மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு அழைத்து வருவதற்கு முன்னால் வாடகைக்கு ஒரு மருத்துவக் கட்டில் எடுத்தார்கள். அதை எங்கே போடுவது என்ற பேச்சு வந்தபோதுதான் அக்கா வாயைத் திறந்தார். இத்தனை வருடம் அந்த மனுஷன் வடக்கே தலை வைத்துப் படுத்ததால்தான் இப்படி ஆனது, நானும் விட்டுவிட்டேனே, காலில் விழுந்தாவது தடுத்திருக்க வேண்டாமா என்று ஒரே அழுகை. பெர்த்திலிருந்து வந்திருந்த மகன் குகன் அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டான். கட்டிலைத் தெற்கே தலை வரும்படி போட்டான். சின்ன அறை, ஒரு பக்கம் அலமாரி. தெற்கே தலை வைத்தால் கட்டிலின் வலப்பக்கம் சுவரோடு ஒட்டித்தான் நிற்க முடியும். ஆகவே போகிற வருகிற எல்லோரும் அவருடைய இடப்பக்கம்தான் நிற்க வேண்டும். அங்கேதான் அக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து நான் போனபோது அக்கா கதவைத் திறந்த முகத்தைப் பார்த்தே பயந்துவிட்டேன். உள்ளே சார் கண்ணைத் திறந்துகொண்டு சுவரைப் பார்த்தபடி கிடந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, "சார், மேரி வந்திருக்கேன்" என்றேன். அவர் முகம் இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் திரும்பியது. உதடு அசைந்தது. ஏதோ சொன்னார், சுவரிடம்.

அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனார். "பாத்தீரே? நான் கூப்பிட்டாலும் உப்பிடித்தான். என்னைப் பாக்கிறாரே இல்லை, மேரி. கூப்பிடக் கூப்பிட மற்றப் பக்கம் திரும்புறார். சாப்பாடு குடுத்தால் வாயைத் திறக்கிறார், ஆனால் முகத்தைப் பாக்க மாட்டாராம். என்னில என்ன கோபம் அவருக்கு? நான் என்ன பிழை விட்டனான்?" கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் தன்மேல் கோபப்பட்ட சந்தர்ப்பங்களையெல்லாம் அக்கா வரிசையாக நினைத்துப் பார்த்திருக்கிறார். ஊருக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தது, குகனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒத்துக்கொள்ளாதது, ஒரு தடவை அவருடைய கம்பிச் சுருளைக் குப்பை என்று நினைத்து வீசியது. "நினைவு தப்பியிருந்தாலும் பறவாயில்லை. நினைவு இருந்துகொண்டு என்னைப் பாக்க விருப்பமில்லாமல் கிடக்கிறாரெண்டால் நான் எப்பிடி உயிரோட இருக்கிறது?"

மறுபடி அறைக்குப் போனோம். குகன் கட்டிலின் கால்மாட்டில் ஏறி, சுவரோரம் இருந்த மின்விசிறியின் வயரைச் சரிசெய்ய எட்டிக்கொண்டிருந்தான். தற்செயலாகத்தான் சாரின் கண்ணைப் பார்த்தேன். கண் குகனுடைய கையோடு போனது. கை மேலே போனால் மேலே. கை கீழே வந்தால் கீழே. குகன் இறங்கி இந்தப் பக்கம் வந்தான். கண் அவனோடு வரவில்லை. சுவரிலேயே தேடிக்கொண்டு நின்றது.

சமூக மன்றத்தில் அசையாமல் நின்ற ஊசி சட்டென்று எனக்கு நினைவுக்கு வந்தது. "குகன், மேசையைத் திருப்பணும்" என்று கத்திவிட்டேன். அவன் விழித்தான். "எந்த மேசை, ஆன்ட்டி?" "மேசை இல்லடா, கட்டில்! கட்டிலை இழு! சுவரை விட்டு இழு!" எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருப்பார்கள். ஆனாலும் அவன் சக்கரத்தின் பூட்டை எடுத்துவிட்டு இழுத்தான். அலமாரி தடுத்தது. ஓர் ஆள் ஒருக்களித்து நுழையுமளவு இடைவெளி கிடைத்தது.

"அக்கா, நீங்க உள்ள போங்க" என்றேன்.

அக்கா நகரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம், மேரி. நான் அந்தப் பக்கம் போக, அவர் இந்தப் பக்கம் திரும்பினால்?" அதுதான் அவருக்குப் பயம். இப்போதாவது ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. அங்கே போய், அங்கேயும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதோடு எல்லாம் முடிந்தது. எனக்கும் பயம்தான். என் ஊகம் தப்பாக இருந்தால் இந்த மனுஷியை நானே கொன்றவளாவேன். மாதாவே, காப்பாற்று என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அக்காவை முதுகில் கைவைத்துத் தள்ளினேன். வேறு வழியில்லை, தள்ளத்தான் செய்தேன்.

அக்கா புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே நுழைந்தார். சார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது அக்காவின் முகம். அவர் பார்த்தார். கண் அங்கேயே நின்றது. நெற்றி சுருங்கியது. வலக்கையைத் தூக்கி அக்காவின் கன்னத்தைத் தொட்டார். நாக்குக் குழறியது, ஆனால் எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

"எங்க போயிருந்தனீர், இவ்வளவு நாளும்?"

அக்கா, "இஞ்சதான் இருந்தனான். இஞ்சதான் இருந்தனான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். குகன் அலமாரியில் சாய்ந்துகொண்டு அழுதான். நான் மட்டும் சிரித்தேன். சத்தம்போட்டுச் சிரித்தேன். சந்தோஷம் வந்தால் எனக்கு அப்படித்தான் வரும். நாமெல்லாம் அவர் நம்மைப் பார்க்கவில்லை என்று அழுதுகொண்டிருந்தோம். அவரோ, கூப்பிடுகிற குரல் கேட்டும் ஆளைக் காணோமே என்று சுவர் முழுக்கத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "குகன், கட்டிலைத் திருப்பு." தலையை வடக்கே மாற்றினால்தான் அவருடைய வலப்பக்கம் அறைக்குள் வரும். குகன் தயங்கினான். "அம்மா, வடக்க தலை வருமே." அக்கா பட்டென்று சொன்னார்: "வடக்கோ கிழக்கோ. நான் இருக்கிற பக்கம் திருப்படா." நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து, அலமாரியில் இரண்டு இடத்தில் கீறல் போட்டு, கட்டிலைத் திருப்பினோம். வருடக்கணக்காக அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வடக்கே தலை வைத்து எப்படிப் படுத்தாரோ அப்படியே மறுபடி படுத்தார்.

அடுத்த வாரம் வந்த மலாய்க்காரத் தெரபிஸ்ட் பெண் எங்கள் கதையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். கண்ணில் கோளாறு இல்லை, காதிலும் இல்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிட்டது, இந்த மாதிரிப் பக்கவாதத்தில் அப்படி நடக்கும் என்று பொறுமையாக விளக்கினாள். வலப்பக்கம் பேசியது நல்லது, ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள், அவருக்குப் பிடித்த பொருளை முன்னால் வைத்து நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்த்துங்கள், கண் அதைத் தேடி வரட்டும் என்றாள். அவருக்குப் பிடித்த பொருள் எது என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை. குகன் போய்ப் பழைய சட்டைப் பையிலிருந்து எடுத்துவந்தான்.

நான் ஒரு புது பேட்டரி வாங்கிப் போனேன். கட்டிலின்மேல் வைக்கிற சாப்பாட்டுப் பலகையில் சுருளையும் திசைகாட்டியையும் வைத்தோம். சார் வலக்கையால் கம்பி நுனியைப் பிடிப்பார், மறுநுனியை அக்கா பிடிப்பார். ஊசி திரும்பும். "மாத்திப் பிடியும்" என்பார் அக்காவிடம். ஊசி எதிர்ப்பக்கம் திரும்பும். அவருடைய கண்ணும் அதோடு ஒரு விரல்கடை இடப்பக்கம் போகும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். பேட்டரியை எடுத்ததும் ஊசி வழக்கம்போல வடக்கே திரும்பிவிடும், அவர் கண்ணும் களைத்துப்போய் வலப்பக்கம் வந்துவிடும். பரவாயில்லை, நாளைக்கு இன்னும் ஒரு விரல்கடை. பேட்டரி தீர்ந்துபோனதற்கு இந்த முறை யாரும் என்னைத் திட்டவில்லை.

பேச்சு கொஞ்சம் தெளிந்த பிறகு, அன்றைக்கு எனக்கு எப்படி யோசனை வந்தது என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். சமூக மன்றம், ஊசி, மேசை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கோணிய வாயால் சிரித்தார். "ஒப்புமை சரியில்ல, மேரி டீச்சர். அங்க ஊசி நல்லாத்தான் இருந்துச்சு. இங்க கோளாறே ஊசியிலதான்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. உயிரைக் கொடுத்துக் கட்டிலைத் திருப்பினால் மனுஷன் இதிலும் பிழை கண்டுபிடிக்கிறார். "அப்ப எனக்கு மார்க்கே கிடையாதா?" என்று கேட்டேன். யோசித்தார். "விடை சரி. வழி தப்பு. பாதி மார்க்." அப்புறம் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஆசிரியராக இருந்தவர் எவரும் செய்யக்கூடாததைச் செய்தார். "சரி லா, முழு மார்க்" என்றார்.

அந்த மாதங்கள் நன்றாகவே போயின. சக்கர நாற்காலியில் கீழே இறங்கி காப்பிக்கடைக்கு வந்தார். தே ஓ கோசோங் குடித்தார். இடப்பக்கம் இருந்த பிஸ்கட்டை மறந்துவிடுவார், அக்கா தட்டைத் திருப்பி வைப்பார். ஒரு நாள் அக்கா மார்க்கெட்டுக்குப் போய்விட்டு அவருக்கு இடப்பக்கம் இருந்த வாசல் வழியாக உள்ளே வர, சார் தானாகவே தலையைத் திருப்பி, "வந்திட்டீரே?" என்று கேட்டிருக்கிறார். அக்கா பையைக் கீழே போட்டுவிட்டு எனக்குத்தான் முதலில் போன் செய்தார். வெங்காயம் அறை முழுக்க உருண்டோடியதாம். எனக்கு அன்றைக்கு யார்மேலும் கோபம் வரவில்லை, என் வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள்.

இப்போது புரிகிறதா என் நிம்மதி? அவர் போனது எனக்கு வலிக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் மனைவியைக் கண்டபிறகு போனார். அக்காவும் அதைத் தெரிந்துகொண்டு அனுப்பிவைத்தார். இதற்குமேல் நான் என்ன கேட்பேன்?

பிடோக்கில் அவர்கள் புளோக்கின் வாய்ட் டெக்கில், அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் அந்தத் திறந்த தரைத்தளத்தில், அவரைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள், நரை விழுந்த தலைகளோடு. சடங்கு செய்ய வந்தவர் தெற்கே தலை வைக்க வேண்டும் என்றார். குகன் அம்மாவைப் பார்த்தான். அக்கா, "வையுங்கோ. அவர் இருந்த மட்டும் தன்ரை விருப்பத்துக்குப் படுத்திட்டார். இனி உங்கட முறைப்படி செய்யுங்கோ" என்றார். பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அப்போதுதான் அக்கா முந்தானையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அந்தத் திசைகாட்டி. வேண்டாம், குகனுக்குக் கொடுங்கள் என்றேன். "அவன்தான் உம்மட்டக் குடுக்கச் சொன்னவன்" என்றார். அது இப்போது என் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, அவர் ஒத்திகை பார்த்த அதே மேசையில். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுவும், அதோடு ஒரு பழக்கமும். யாராவது நான் பேசுவதைக் கேட்காமல் கல்லாக இருந்தால் எனக்கு முதலில் கோபம் வரும், அது போகாது, பிறவிக் குணம். ஆனால் இப்போது கத்துவதற்கு முன்னால் எழுந்து, என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய மறுபக்கம் போய் உட்கார்ந்து பார்க்கிறேன்.

வாய்ட் டெக்கில் பெட்டியின் இடப்பக்கம்தான் மின்விசிறி இருந்தது, உறவுக்காரப் பெண்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். "அக்கா, இந்தப் பக்கம் வாங்க, காத்து வரும்" என்று யாரோ கூப்பிட்டார்கள். அக்கா கேட்டும் கேட்காதவர்போல ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி நடந்தார். தூண் ஓரமாக, புழுக்கத்தில், சாருடைய வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தார். குனிந்து அவர் காதருகே சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"இஞ்சதான் இருக்கிறன்."